காசில்லாமல் பொம்மை செய்யலாம்!

ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு

ஓசூரில் லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். கைக்கடிகாரம் செய்கிறார்கள்.

இத்தனையும் செய்கிற கைகள், வீட்டில் குழந்தைக்கு ஒரு பொம்மை வண்டி செய்து கொடுத்தால் எப்படி இருக்கும்?

குழந்தை துள்ளிக் குதிக்கும்!

அதற்குப் பணம் வேண்டாம். கடைக்கும் போக வேண்டாம். குப்பை என்று மூலையில் ஒதுக்கிய சாமான்கள் போதும். ஒரு மணி நேரம் ஓய்வு இருந்தால் போதும்.

என்ன செய்யலாம்? எப்படிச் செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஷிப்டு வீடு

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. அதே காலத்தில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலையும் வந்தது. பிறகு டைட்டன் கடிகாரம் வந்தது. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன.

வேலை தேடி மக்கள் வந்தார்கள். தர்மபுரியில் இருந்து வந்தார்கள். திருவண்ணாமலையில் இருந்து வந்தார்கள். இப்போது பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வருகிறார்கள்.

இப்படி வந்த பலருக்கு வாடகைக்கு ஒரே ஓர் அறை. அப்பாவுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு. மறு வாரம் இரவு ஷிப்டு. அம்மாவும் வேலைக்குப் போகிறார். ஊரில் இருக்கும் பாட்டி, தாத்தா இங்கே இல்லை.

இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு அப்பா பகலில் தூங்குகிறார். குழந்தை சத்தம் போடக் கூடாது. என்ன செய்வது?

"இந்தா, செல்போனைப் பார்!"

குழந்தை அடங்கி விடுகிறது. வீடு அமைதி ஆகிறது.

இதற்காகப் பெற்றோரைத் திட்டிப் பயன் இல்லை. களைத்துப் போன மனிதன் கையில் கிடைத்ததைத்தான் கொடுப்பான்.

ஆனால் டாக்டர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஓர் அறிவுரை வெளியிட்டது. 2 வயது ஆகாத குழந்தைக்கு டெலிவிஷன், செல்போன் படம் வேண்டவே வேண்டாம். 2 வயது முதல் 4 வயது வரை ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதிலும், குறைந்தால் நல்லது. இதுதான் அந்த அறிவுரை.

செல்போனை வாங்கி வைத்துவிட்டால் போதாது. குழந்தையின் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

ரோம் நகரில் ஒரு வீடு

இதே தொல்லை இத்தாலி நாட்டுத் தொழிலாளிகளுக்கும் இருந்தது.

ரோம் நகரில் சான் லொரென்சோ என்று ஓர் ஏழைப் பேட்டை. தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் மாடிப்படியில் ஓடும். சுவரில் கிறுக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

1907 ஜனவரி 6ந் தேதி, அங்கே ஓர் அறையில் அந்தக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி திறந்தார்கள். அதை நடத்தியவர் மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டர்.

அவர் ஒன்றைக் கவனித்தார். விலை உயர்ந்த பொம்மைகளைக் குழந்தைகள் அதிகம் தேடவில்லை. துடைப்பது, கழுவுவது, பொத்தான் போடுவது, அடுக்கி வைப்பது போன்ற வேலைகளில் ஆசையோடு மூழ்கின. கை வேலை செய்யும்போது குழந்தையின் அறிவும் வளர்கிறது என்று அவர் சொன்னார்.

இந்த அம்மையார் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்தார். இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு கொடைக்கானலிலும் தங்கினார்.

அவர் கண்டதை நம் ஒற்றை அறை வீட்டிலும் செய்து பார்க்கலாம். வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே கூடையில் கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். துவைத்த துணியில் ஜோடிக் காலுறை தேடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வேலை குறையும். குழந்தைக்கு அது விளையாட்டு. அப்பாவின் தூக்கமும் கெடாது!

பேப்பர் தொப்பி

முதலில் மிக எளிய ஒன்று. அதற்குத் தேவையான சாமான் இப்போது உங்கள் கையிலேயே இருக்கிறது!

செய்தித்தாளில் ஒரு முழுத் தாளை எடுங்கள். மேலிருந்து கீழாகப் பாதியாக மடியுங்கள். மடிப்பு மேல் பக்கம் இருக்கட்டும். மேலே உள்ள இரண்டு மூலைகளையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள். இப்போது முக்கோணம் போல் தெரியும். கீழே மிஞ்சிய ஓரத்தை முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக மேல் நோக்கி மடியுங்கள்.

தொப்பி தயார். குழந்தை போலீஸ்காரர் ஆகிவிடும்.

மடிப்பதற்கு முன் ஒரு வேலை. அந்தத் தாளில் உள்ள பெரிய எழுத்துத் தலைப்பைக் குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. அப்பா படிப்பதைப் பார்க்கும் குழந்தை, தானும் படிக்க ஆசைப்படும்.

அட்டைப்பெட்டி பஸ்

மளிகைக் கடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். மேல் மூடியையும் அடிப்பாகத்தையும் வெட்டி எடுங்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தோளில் மாட்டினால் பஸ்!

நான்கு பழைய தட்டுகளை வைத்து வட்டம் வரைந்தால் சக்கரம். முன்னால் ஊர்ப் பலகை வேண்டும் அல்லவா? "ஓசூர் - சூளகிரி - கிருஷ்ணகிரி" என்று எழுதுங்கள்.

இந்த எல்லைச் சீமைக்கு ஒரு பெருமை உண்டு. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டில் கன்னடம் படிக்கத் தெரிந்தவர் இருந்தால், பலகையின் மறுபக்கத்தில் கன்னடத்திலும் எழுதி வாங்குங்கள். தெலுங்கு தெரிந்தவர் இருந்தால் அதையும் சேருங்கள்.

கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வேண்டும். சில்லறை எண்ண வேண்டும். 10 ரூபாய்க்கு 7 ரூபாய் டிக்கெட் என்றால் மீதி எவ்வளவு? கணக்குப் பாடம் தானாக நடக்கும்.

நேற்று வந்த பீகார்க் குழந்தைக்குத் தமிழ் தெரியாது. பஸ்சில் ஏறத் தெரியாதா என்ன? விளையாட்டில் மொழியும் ஒட்டிக்கொள்ளும்.

முட்டை அட்டைப் பல்லாங்குழி

பல்லாங்குழியை நம் பாட்டிகள் விளையாடினார்கள். தெலுங்கர் அதை "வாமன குண்டலு" என்பார்கள். கன்னடத்தில் "அளிகுளி மணே". பெயர் மூன்று. ஆட்டம் ஒரே குடும்பம்.

மரப் பலகை இல்லையே என்று கவலை வேண்டாம். 30 முட்டை வைக்கும் அட்டையில், 6 குழி உள்ள இரண்டு வரிசையை வெட்டி எடுங்கள். கறை படியாத, சுத்தமான அட்டையாக இருக்கட்டும். ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள்.

பழைய பலகையில் ஆளுக்கு 7 குழி. இதில் ஆளுக்கு 6. அதனால் ஆட்டம் கெட்டுப் போகாது.

குழிக்கு 5 புளியங்கொட்டை. மொத்தம் 60 வேண்டும். கிருஷ்ணகிரிச் சீமையில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்?

ஒரு குழியில் உள்ளதை அள்ளுங்கள். அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தாண்டி உள்ள குழியில் இருப்பது உங்களுக்கு. பிறகு எதிராளியின் முறை. நடுவில் ஒரு குழியில் 4 கொட்டை சேர்ந்தால் அது "பசு". அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்துக்கு 5 வயது ஆக வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஆட்டம் முடிந்ததும் 60 கொட்டையும் இருக்கிறதா என்று எண்ணிப் பையில் கட்டி வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

நுங்கு வண்டி, மாங்கொட்டைப் பீப்பி

கோடையில் நுங்கு வாங்குகிறோம். தின்றபின் பனங்காயைத் தூக்கி எறிகிறோம். எறியாதீர்கள்! இரண்டு காயையும் சக்கரமாக வைத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகுங்கள். அது அச்சு. நுனியில் கவை உள்ள நீளக் கம்பை எடுத்து, கவையை அச்சின் மீது வைத்துத் தள்ளுங்கள். வண்டி ஓடும்!

கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் மாம்பழம் இங்கே ஏராளம். மாம்பழக் கூழ் ஆலைகளும் இருக்கின்றன.

பழம் தின்றபின் கொட்டையை மண்ணில் போட்டு வையுங்கள். மழையில் அது முளைக்கும். முளைத்த கொட்டையின் மேல் ஓட்டை நீக்குங்கள். உள்ளே இருக்கும் பருப்பு இரண்டு பாதியாக ஒட்டி இருக்கும். அதன் ஒரு முனையைச் சொரசொரப்பான கல்லில் சாய்வாகத் தேயுங்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் மெல்லிய இடுக்குத் தெரியும். நன்றாகக் கழுவி, அந்த இடத்தில் வாய் வைத்து ஊதுங்கள். பீப்பி கத்தும்!

பூவரசு இலை கிடைத்தால் இன்னும் சுலபம். இலையை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதினால் போதும்.

இந்தப் பீப்பிகளை வெளியே ஊதச் சொல்லுங்கள். அப்பா தூங்கும் நேரத்தில் வேண்டாம்!

தீக்குச்சிக் கோபுரம்

அரவிந்த் குப்தா என்று ஓர் என்ஜினீயர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். புனாவில் லாரி செய்யும் டெல்கோ கம்பெனியில் வேலை பார்த்தார்.

1978ல் அவர் மத்தியப் பிரதேசத்தில் அப்போது ஹோஷங்காபாத் என்று அழைக்கப்பட்ட மாவட்டத்துக்குப் போனார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் திட்டம் அங்கே நடந்தது. பள்ளியில் கருவிகள் வாங்கப் பணம் இல்லை. அவர் சந்தையில் சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் வாங்கினார். அதை வைத்தே கோபுரம், வீடு, பாலம் எல்லாம் கட்டினார்.

பிறகு வாழ்நாள் முழுவதும் குப்பையில் இருந்து பொம்மை செய்வதையே தொழிலாகக் கொண்டார். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

லாரிக் கம்பெனியில் இருந்து வந்தவர் அவர். ஓசூர்த் தொழிலாளிக்கு அவர் வழி கடினமா?

சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்குங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். தீக்குச்சியின் மருந்தைப் பெரியவர்களே சுரண்டி, தண்ணீரில் போட்டு எறிந்துவிடுங்கள். துண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகுங்கள். அதுதான் மூட்டு.

மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். நான்கு குச்சி, நான்கு மூட்டு: சதுரம்.

இப்போது இரண்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். சதுரம் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது!

ரோட்டு ஓரத்து மின்சாரக் கோபுரத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள். அதில் எத்தனை முக்கோணம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று குழந்தையே சொல்லும்.

மஞ்சள் மாயம்

மஞ்சள் தூளைச் சிறிது தண்ணீரில் குழையுங்கள். வெள்ளைத் தாளில் பூசி நிழலில் காய வையுங்கள். குச்சியில் பஞ்சு சுற்றி, சோப்புத் தண்ணீரில் தோய்த்து, அந்தத் தாளில் குழந்தையின் பெயரை எழுதுங்கள்.

எழுத்து சிவப்பாகத் தெரியும்! அதன் மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும்.

சோப்பில் காரம் இருக்கிறது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். புளிப்பு அதை மாற்றிவிடும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்க்கிறோம்.

ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். தவறிப் பட்டுவிட்டால் உடனே சுத்தத் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விளையாட்டுக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

சுவரில் யானை

பனிக்காலம் வந்தால் ஓசூர் பக்கம் யானைக் கூட்டம் வரும். சானமாவு காட்டில் யானை என்று சேதி வந்தால், கிராமத்தார் வெளியே போகப் பயப்படுவார்கள்.

நம் யானை பயம் இல்லாத யானை. அட்டையில் யானை வரைந்து வெட்டுங்கள். குச்சியில் ஒட்டுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் போடுங்கள். செல்போனுக்கு இப்படியும் ஒரு நல்ல வேலை உண்டு! மெழுகுவர்த்தி வேண்டாம்.

அட்டையை விளக்குக்கு அருகே கொண்டு போனால் சுவரில் யானை பெரிதாகும். சுவருக்கு அருகே கொண்டு போனால் சிறிதாகும். ஒரு கதை சொல்லுங்கள். கதையின் முடிவைக் குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள்.

சென்னப்பட்டணத்துப் பொம்மை

பெங்களூரில் இருந்து மைசூர் போகும் வழியில் சென்னப்பட்டணம் இருக்கிறது. மரப் பொம்மைக்குப் பெயர் போன ஊர். திப்பு சுல்தான் காலத்தில் இந்தத் தொழில் வளர்ந்தது என்று சொல்வார்கள்.

அங்கே பாலை இனத்து மென்மையான மரத்தைக் கடைந்து பொம்மை செய்வது வழக்கம். மஞ்சள் போன்ற இயற்கைச் சாயத்தை அரக்கில் கலந்து ஏற்றுவார்கள். தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஆக்குவார்கள். குழந்தை வாயில் வைக்கும் என்பதை அறிந்து செய்த பழைய முறை இது.

கடையில் பொம்மை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். 2021 ஜனவரி முதல், பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் முத்திரை இல்லாத பிளாஸ்டிக் பொம்மையில் என்ன சாயம் இருக்கிறதோ, யார் கண்டது?

உயிர் முக்கியம்

இனி எச்சரிக்கை. இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

ஒன்று: 3 வயது ஆகாத குழந்தை எதையும் வாயில் போடும். புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பொத்தான், நாணயம், பலூன் துண்டு எதுவும் அதன் கைக்கு எட்டக் கூடாது. சுமார் 3 சென்டிமீட்டர் அகலக் குழாயில் நுழையும் எந்தச் சாமானும் ஆபத்து. மூச்சை அடைத்துவிடும். அப்படி அடைத்தால், கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போகும். குழந்தையைக் குப்புறச் சாய்த்து, முதுகின் நடுவில் உள்ளங்கையால் தட்டுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டு: பொத்தான் போன்ற சிறிய பாட்டரி. கடிகாரத்திலும், விளக்கு எரியும் பொம்மையிலும், ரிமோட்டிலும் அது இருக்கிறது. குழந்தை விழுங்கினால், 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும். மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டரி என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று: பட்டறைக் கழிவு. இரும்புச் சீவல், எண்ணெய்த் துணி, தின்னர் டப்பா, பெயிண்ட் டப்பா, உடைந்த காந்தம் ஆகியவற்றை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். தெர்மோகோலை எரித்து வேடிக்கை காட்டாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. வேலை முடிந்து வந்ததும் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

நான்கு: பெட்டி பஸ்சின் கயிறு கழுத்தில் மாட்டும்படி இருக்கக் கூடாது. கத்தரிக்கோல், பிளேடு வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

எந்த வயதுக்கு எது?

1 வயது முதல் 3 வயது வரை: பேப்பர் தொப்பி, பெரிய அட்டைப்பெட்டி, சுவர் யானை. மூடியைத் திறந்து மூட ஒரு பழைய பாத்திரம் கொடுத்தால் அதுவே போதும்.

3 வயது முதல் 5 வயது வரை: பஸ், நுங்கு வண்டி, மஞ்சள் மாயம், வெங்காயம் பூண்டு பிரித்தல்.

5 வயதுக்கு மேல்: பல்லாங்குழி, தீக்குச்சிக் கோபுரம், மாங்கொட்டைப் பீப்பி.

தினமும் ஒரு மணி நேரம் கிடைக்காது என்பது தெரியும். ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுப்பதற்குள் கால் மணி நேரம் கிடைக்குமா? அது போதும். அந்தக் கால் மணி நேரத்தில் செல்போன் அலமாரியில் இருக்கட்டும். அப்பாவுடையதும் சேர்த்துத்தான்!

ஒரு பேச்சு. பஸ் கிழியும். கோபுரம் சரியும். குழந்தை அழும். அடிக்காதீர்கள். "வா, மறுபடி செய்வோம்" என்று கூப்பிடுங்கள். கடைப் பொம்மை உடைந்தால் குப்பைக்குப் போகும். நாமே செய்த பொம்மை உடைந்தால், அதை எப்படிச் சரி செய்வது என்று குழந்தைக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கூப்பிடுங்கள். பஸ்சில் இடம் இருக்கிறது!